கௌரவ கார்களுக்கு ஏன் இவ்வளவு விலை? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மோட்டார் சர்வேயர். கார் மோதினாலோ வெள்ளத்தில் நின்றாலோ, காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதற்கு முன் வண்டியைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் வேலை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்கச் சுற்றுகிறேன். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் கொள்முதல் நிலைய வாசலில் டீ குடிக்கும்போதும் யாராவது ஒருவர் பென்ஸைப் பற்றியோ ஆடியைப் பற்றியோ கேட்டுவிடுகிறார். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"கௌரவ காருன்னு எதைச் சார் சொல்றீங்க? விலை ஜாஸ்தியா இருந்தா போதுமா?"

போதாது. கதிர் அறுக்கும் இயந்திரமும்தான் லட்சக்கணக்கில் வருகிறது, அதை யாரும் கௌரவத்துக்கு வாங்குவதில்லை. விலை என்னவென்றே தெரியாதவரும் முன்பக்கச் சின்னத்தைப் பார்த்ததும் சற்று ஒதுங்கி வழிவிட்டால், அது கௌரவ கார். பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, வால்வோ, லெக்ஸஸ், ஜாகுவார், லேண்ட் ரோவர் எல்லாம் இந்த வரிசை. இதற்கும் மேலே போர்ஷே, ஃபெராரி, ரோல்ஸ் ராய்ஸ். இந்தியாவில் நூறு கார் விற்றால் இந்த வகையில் ஏறக்குறைய ஒன்றுதான். 2024ல் இங்கே அதிகம் விற்ற கௌரவ பிராண்டு பென்ஸ், அதுவும் சுமார் 19,500 கார்கள்தான்.

பிராண்டு என்பது என்ன என்று விளக்க எனக்கு உம்பளச்சேரி மாடுதான் கை கொடுக்கும். தலைஞாயிறு பக்கத்து மாடு. முழங்கால் சேற்றில் நாள் முழுக்க இழுக்கும் என்று பல தலைமுறை பார்த்துப் பார்த்து வந்த பேர். சந்தையில் அந்த மாட்டை உழவு ஓட்டிப் பார்த்தா வாங்கினார்கள்? நெற்றிச் சுட்டியையும் கால் வெள்ளையையும் பார்த்தே கூடுதல் பணம் கொடுத்தார்கள். சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றுக்கு, பேரை நம்பிக் கொடுக்கும் பணம் அது. பென்ஸின் மூன்று கை நட்சத்திரமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

"எங்க தாத்தா பிளசர் வச்சிருந்தாராம். அந்தக் காலத்துலயும் இந்தப் பெருமை இருந்துச்சா?"

இருந்தது. அதற்கும் முன்னால் வில்வண்டி இருந்தது. கட்டை வண்டியும் போகும், வில்வண்டியும் போகும். வில் வைத்த வண்டி குலுங்காது, அதனால் வசதி. அது வாசலில் நின்றால் யார் வீடு என்று தெரியும், அதனால் மதிப்பு. இரண்டையும் பிரிக்க முடியாது. பிறகு மிராசுதார் வீடுகளுக்கு வெளிநாட்டு கார் வந்தபோது ஊர் அதற்கு 'பிளசர்' என்று பேர் வைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு கார் வரத்து அடைபட்டது. அம்பாசிடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான். அந்த நாளில் எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை, கார் இருப்பதே கௌரவம். 1983 கடைசியில் மாருதி 800 வந்து நடுத்தரக் குடும்பத்துக்கும் கார் எட்டியது. எல்லோரிடமும் கார் என்று ஆன பிறகுதான் 'எந்த கார்' என்ற கேள்வி பிறந்தது. 1995ல் புனேயில் பென்ஸ் கார் செய்யத் தொடங்கியபோது அதற்கான ஆட்கள் இங்கே தயாராக இருந்தார்கள்.

"அம்பது லட்சம் காருன்னா அம்பது லட்சமும் அந்தக் கம்பெனிக்குத்தானே போகுது?"

இல்லை. பலரை நிமிர்ந்து உட்கார வைக்கும் கணக்கு இது. ஷோரூம் விலை 50 லட்சம் என்று வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அந்த 50 லட்சத்துக்குள்ளேயே சுமார் 14.3 லட்சம் வரி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் சாலை வரி 20 சதவீதம், அதாவது இன்னும் 10 லட்சம். காப்பீடு சேர்க்காமலே 60 லட்சம் ஆகிறது. அதில் 24 லட்சத்துக்கு மேல் அரசுக்கு. வண்டிக்காகப் போனது 36 லட்சத்துக்குக் குறைவு, அதில் டீலர் பங்கும் உண்டு.

இதையே 7 லட்ச ரூபாய் சிறிய காருக்குப் பாருங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், உள்ளே இருப்பது சுமார் 1.07 லட்சம். சாலை வரி 13 சதவீதம், 91,000. மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம். சிறிய காரில் நூறு ரூபாய் கொடுத்தால் 25 ரூபாய் வரி, பெரிய காரில் 40 ரூபாய் வரி. இரண்டு காருக்கும் நடுவே தெரியும் விலை இடைவெளி, இரண்டு வண்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிது. '60 லட்சம் கொடுத்தேன், 60 லட்சத்துக்கான வண்டி இல்லையே' என்று யாராவது வருத்தப்பட்டால், முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

இன்னொன்று: 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது. கணக்குத் தாக்கல் செய்யாமல் அதை விட்டுவிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"பிஎம்டபிள்யூ நம்ம செங்கல்பட்டு பக்கத்துலதானே செய்யுறாங்க? அப்ப விலை குறையணுமே?"

குறைந்த பிறகுதான் இந்த விலை. சிங்கபெருமாள் கோவில் பக்கம் 2007 முதல் பிஎம்டபிள்யூ பூட்டப்படுகிறது. 'பூட்டப்படுகிறது' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பெரும்பகுதி பாகங்களாக வந்து இறங்கி, இங்கே ஒன்றுசேர்கிறது. அப்படி வரும் பாகங்களுக்கு இறக்குமதி வரி சுமார் 15 சதவீதம். விலை உயர்ந்த காரை முழுதாகக் கப்பலில் இறக்கினால் 100 சதவீதத்துக்கு மேல் என்பதுதான் நீண்ட காலமாக இருந்த முறை. அதனால்தான் அதிகம் விற்கும் மாடல்களை இங்கே பூட்டுகிறார்கள், அபூர்வமான மாடல்கள் முழுசாக வருகின்றன, அவற்றின் விலையும் எங்கோ போய் நிற்கிறது.

ஜாகுவார், லேண்ட் ரோவர் கம்பெனிகளை 2008ல் டாடா வாங்கியது. 2024ல் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 'இனிமே நம்மூரு வண்டிதானே' என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: பூட்டும் இடம் பக்கத்தில் வந்தால் இறக்குமதி வரி குறையும், மேலே சொன்ன ஜிஎஸ்டியும் சாலை வரியும் அப்படியே இருக்கும்.

"பென்ஸுக்குள்ள இருக்கிறது டஸ்டர் இன்ஜின்தான்னு மெக்கானிக் சொல்றாரு. நிஜமா?"

பாதி நிஜம். ரெனோவும் பென்ஸின் தாய்க் கம்பெனியும் சேர்ந்து 1.3 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒன்றை உருவாக்கின. அந்தக் குடும்பத்து இன்ஜின் 2020ல் இங்கே வந்த ரெனோ டஸ்டரிலும் இருந்தது, பென்ஸ் ஜிஎல்ஏ 200லும் இருந்தது. டியூனிங்கும் கியர்பாக்ஸும் வேறு. ஆனால் எல்லா பென்ஸும் அப்படி இல்லை. வரிசையின் அடிப்படியில் இருக்கும் சின்ன மாடல்களின் கதை இது.

இந்தப் பகிர்வு உலகம் முழுக்க நடக்கிறது. ஆடியும் ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வேகன் குடும்பம், அடித்தளத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. லெக்ஸஸ் டொயோட்டாவின் பிள்ளை, 1989ல் அமெரிக்காவில் அறிமுகமானது. ரோல்ஸ் ராய்ஸ் காரை இன்று செய்வது பிஎம்டபிள்யூ. நம் கண்ணெதிரிலேயே மாருதி பலீனோ டொயோட்டா கிளான்சாவாக ஓடுகிறது, எர்டிகா ருமியானாக ஓடுகிறது. சின்னத்தை மாற்றியதுமே வாங்குபவர் மனசும் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நான் அடிபட்ட கிளான்சாவைப் பிரித்தால் உள்ளே பலீனோதான் இருக்கிறது.

அதனால் என் யோசனை: கௌரவ பிராண்டில் மிகக் குறைந்த விலை மாடலை, அந்தச் சின்னத்துக்காகவே மூச்சுப் பிடித்து வாங்குவதில்தான் பணத்துக்குப் பொருள் குறைவாகக் கிடைக்கிறது. அதே பணத்துக்கு சாதாரண பிராண்டின் உச்ச மாடல் அகலமாக, வசதியாக, எல்லா வசதியோடும் வரும்.

"அப்ப வெறும் பேருக்குத்தான் காசு. வண்டியில ஒண்ணுமே இல்லை, அப்படித்தானே?"

அப்படிச் சொன்னால் அது பொய். உடைந்த கதவைப் பிரித்துப் பார்ப்பது என் பிழைப்பு. பெரிய பென்ஸின் கதவுக்குள் ரப்பர் சீல் அடுக்கடுக்காக இருக்கும். பக்கக் கண்ணாடியே இரண்டு தகடு ஒட்டியதாக இருக்கும். சத்தம் உறிஞ்சும் பட்டை ஒட்டாத இடத்தைத் தேட வேண்டும். கதவு சாத்தும்போது வரும் அந்த 'தப்' என்ற சத்தத்துக்கென்றே பொறியாளர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். வேகத்தில் போய் பிரேக் பிடிக்கும்போது வண்டி நேராக நிற்பது, நாலு மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் இடுப்பு வலிக்காதது, இதெல்லாம் விலைப்பட்டியலில் தெரியாத பொருள்கள்.

அப்புறம், புதியது முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ், பாஷ் கம்பெனியோடு சேர்ந்து பென்ஸின் பெரிய காரில் 1978ல் வந்தது. நம் நாட்டில் எல்லா காருக்கும் அது கட்டாயமானது 2019ல். நடுவில் நாற்பது வருடம். கௌரவ கார் வாங்குபவர்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு இந்த முந்தலுக்கானது. அவர்கள் அன்று கொடுத்ததுதான் பின்னால் நம் எல்லோருக்கும் மலிவாக வந்து சேர்ந்தது. இதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். ஏபிஎஸ் இல்லாத வண்டிகளின் விபத்துக் கோப்புகள் என் அலமாரியில் நிறைய இருக்கின்றன.

"நான் சேஃப்டிக்காகத்தான் வாங்குறேன். அது சரியான காரணம்தானே?"

இருபது வருடம் முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றிருப்பேன். மூன்று முனை சீட் பெல்ட்டை 1959ல் கொண்டுவந்தது வால்வோ. அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்தும் விட்டது. பாதுகாப்பு என்ற பேரை அவர்கள் சும்மா வாங்கவில்லை. ஆனால் 2018ல் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே பாரத் என்கேப் சோதனை இருக்கிறது. இன்று பதினைந்து லட்சத்துக்குள் நல்ல பாதுகாப்பு கிடைக்கிறது. சேஃப்டி மட்டும்தான் காரணம் என்றால் அறுபது லட்சம் தேவையில்லை. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டால் போதும், பாதிக் கோப்புகள் என் மேசைக்கே வராது.

"விலையைக் குறைச்சா இன்னும் நிறைய விக்குமே, ஏன் குறைக்க மாட்டேங்குறாங்க?"

குறைத்தால் பேர் போய்விடும் என்ற பயம், அது நியாயமான பயம். ஃபெராரி 2024ல் உலகம் முழுக்க விற்றது 13,752 கார்கள். வாங்க ஆள் காத்திருந்தும் அதிகம் செய்வதில்லை. எல்லோருக்கும் கிடைத்தால் முதலில் வாங்கியவர் வருத்தப்படுவார் என்று அவர்களுக்குத் தெரியும். கும்பகோணம் டிகிரி காபிக்கு நடந்ததைப் பார்க்கிறோம் இல்லையா? நெடுஞ்சாலை நெடுக பித்தளை டபராவும் அந்தப் பலகையும். எந்தக் கடைக் காபி உண்மையில் கும்பகோணம் மாதிரி இருக்கிறது என்று இன்று பேரை வைத்துச் சொல்ல முடியாது. காவல் இல்லாத பேர் அப்படித்தான் கரைந்து போகும்.

எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு சாட்சி. ஃபோக்ஸ்வேகன் 2002ல் ஃபேட்டன் என்று ஒரு கார் செய்தது. டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் வைத்த தொழிற்சாலை, பென்ஸுக்குச் சமமான உழைப்பு. ஓட்டியவர்கள் புகழ்ந்தார்கள், வாங்க ஆள் வரவில்லை. முகப்பில் இருந்தது சாதாரண மக்கள் காரின் சின்னம். அதே அடித்தளத்தில் செய்த பென்ட்லி காண்டினென்டல் நன்றாக விற்றது. இன்னொன்று நம் டாடா நேனோ. 2008ல் ஒரு லட்சம் ரூபாய் கார் என்று உலகமே பேசியது. ஆனால் 'இருப்பதிலேயே மலிவான கார்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. வாசலில் அதை நிறுத்தினால் ஊர் என்ன நினைக்கும் என்று பைக்கில் போனவர்களே தயங்கினார்கள். 2018ல் உற்பத்தி நின்றது. மழையில் நனைந்துகொண்டு குடும்பத்தோடு பைக்கில் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார் நினைவுக்கு வருகிறது. நல்ல எண்ணத்தில் பிறந்த வண்டி அது.

"நம்ம பக்கம் பென்ஸைவிட ஃபார்ச்சூனருக்குத்தானே மரியாதை. அது ஏன்?"

இது டெல்டாவுக்கே உரிய கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். கௌரவம் என்பது பார்க்கிறவர் கண்ணில் இருப்பதால், யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து பிராண்டும் மாறும். சென்னையில் ஹோட்டல் வாசலில் பார்ப்பவருக்கு பென்ஸின் எந்த மாடல் என்றுகூடத் தெரியும். இங்கே பார்ப்பவர் வாய்க்கால் கரையில் எதிரே வருகிறவர். உயரமான வண்டி, அகலமான முகப்பு, அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு வண்டி. அரசியல்வாதி, ஒப்பந்தக்காரர், அரிசி ஆலை முதலாளி என்று அதிகாரம் உள்ளவர்கள் அதில் வந்து இறங்கியதைப் பார்த்துப் பார்த்து அந்த வண்டிக்கு அதிகாரத்தின் முகம் வந்துவிட்டது.

நடைமுறைக் காரணமும் உண்டு. ஃபார்ச்சூனர் 2009ல் இந்தியாவுக்கு வந்தது. இன்னோவாவும் ஹைலக்ஸும் உருவான அதே அடித்தளம், ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உடம்பு. நம் ஊர் மெக்கானிக்குக்கு இன்னோவா கைவந்த பாடம். டிராக்டர் வாங்கும்போது நம்மவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஸ்பேர் கிடைக்குமா, விற்றால் போட்ட காசு வருமா. அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது. உள்ளே மென்மை என்று பார்த்தால் அதே விலை பிஎம்டபிள்யூ எவ்வளவோ மேல். ஆனாலும் நம்மூர்க்காரர் ஃபார்ச்சூனரை எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

"ஜெர்மன் கார் நம்ம ரோட்டுக்கும் மழைக்கும் தாங்குமா?"

தஞ்சாவூர், திருச்சி நாலுவழிச் சாலையில் பறக்கும். சிக்கல் அதை விட்டு இறங்கியபின். தாழ்ந்த செடான் ஊருக்குள் வேகத்தடையில் அடி உரசும், மதகுப் பாலத்தின் ஏற்றத்தில் முன் பம்பர் இடிக்கும். அலுமினியப் பலகை நசுங்கினால் நம் டிங்கரிங் பட்டறையில் தட்டி எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். முன்விளக்கு ஒன்றே லட்சத்தைத் தாண்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். விளக்கு உறையும் பிளாஸ்டிக் கணக்கில் போய்விடும். எனவே இந்தத் தேய்மானத்தைக் கழிக்காத 'நில் டெப்' என்ற கூடுதல் சேர்க்கையைச் சேர்க்காமல் இந்த வகை காரைத் தெருவில் இறக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் இன்னும் பெரிய விஷயம். தேங்கிய நீரில் இன்ஜின் காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசி இதைப் பின்விளைவுச் சேதம் என்று சொல்லி விலக்கும், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை வேண்டும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திருப்பிப் பார்க்கவே கூடாது. இழுவை வண்டியில் ஏற்றிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன் சார்' என்ற ஒரு வாக்கியம் பல லட்சம் பெறும்.

"ரீசேல் வருமா?"

வராது என்று எண்ணியே வாங்குங்கள். காப்பீட்டில் ஐடிவி என்று ஒரு மதிப்பு உண்டு, வண்டி முழுதும் போனால் கிடைக்கும் தொகை. நாலு வருடம் தாண்டினால் எந்தப் பிராண்டுக்கும் பாதி கழித்துவிடுவார்கள். சந்தையில் இன்னோவா அந்தக் கணக்கைவிட நன்றாகப் போகும், பெரிய ஜெர்மன் செடான் அதைவிட மோசமாகப் போகும். பாதி என்றே வைத்தாலும், 8 லட்சத்தில் பாதி 4 லட்சம், 50 லட்சத்தில் பாதி 25 லட்சம்.

"பத்து வருஷத்து ஆடி, புது ஸ்விஃப்ட் விலைக்குக் கிடைக்குது. எடுத்துரலாமா அண்ணே?"

தம்பிகள் கேட்கும் கேள்வி, தினமும் ஒரு தரமாவது வரும். வண்டியின் விலை இறங்கிவிட்டது, பாகத்தின் விலை இறங்கவில்லை. பத்து லட்சத்துக்கு வாங்கினாலும் அது 50 லட்ச ரூபாய் காரின் கியர்பாக்ஸ், 50 லட்ச ரூபாய் காரின் சஸ்பென்ஷன். மேலே சொன்ன முன்விளக்குக் கதை இதற்கும் பொருந்தும். முதல் சொந்தக்காரர் அனுபவித்துவிட்டு, செலவு தொடங்கும் நேரத்தில் உங்களிடம் தருகிறார்.

எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு நீண்ட காலமாக நெருக்கடி, அங்கிருந்து மலிவாகத் தெற்கே வரும். இங்கே மறுபதிவு, சாலை வரி, அந்த மாநிலத்துத் தடையின்மைச் சான்று எல்லாம் உங்கள் தலையில். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளும் துடைத்து மினுக்கிச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், நுனியில் சேற்றுக் கறை இருக்கும். தரைவிரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னி பள்ளத்தில் கையை விடுங்கள். கம்பெனி சர்வீஸில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய பதிவுகளைக் கேளுங்கள். இவ்வளவும் சுத்தமாக இருந்து, வருடம் ஒரு பெரிய ரிப்பேருக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க முடியும் என்றால், எடுங்கள். அற்புதமான வண்டிதான்.

"லோன்ல எடுத்தா வரி மிச்சம்னு ஆடிட்டர் சொல்றாரே?"

தொழில் நடத்துபவருக்கு ஓரளவு சரி. தொழிலுக்காக ஓடும் காரின் மதிப்பில் வருடம் 15 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கலாம், வட்டியையும் கழிக்கலாம். சொந்த உபயோக காருக்குக் கட்டிய ஜிஎஸ்டி திரும்ப வராது. ஆனால் நெல், தென்னை, வாழை மட்டுமே வருமானம் என்றால் விவசாய வருமானத்துக்கு வருமான வரியே கிடையாது. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

40 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 64,350 ரூபாய். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டுக் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் நல்ல விளைச்சல். அதாவது ஒரு ஏக்கரின் மொத்த நெல்லும், உழவு, நடவு, உரம், அறுப்புக் கூலி எதுவும் கழிக்காமல், ஒரு மாதத் தவணைக்கே போதாது. இப்படி 84 மாதம். நிலத்தை அடமானம் வைத்து முன்பணம் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கையைப் பிடித்துத் தடுக்கிறேன். தடுத்துவிட்டு இந்தக் கணக்கை நெல் மூட்டையில் போட்டுக் காட்டுகிறேன்.

"மாப்பிள்ளை வீட்டுல பெரிய காரா எதிர்பார்க்குறாங்க. எந்த பிராண்டு கொடுத்தா பேர் நிக்கும்?"

எந்தப் பிராண்டும் வேண்டாம். 1961 வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி கேட்பதும் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம், காருக்கு அதில் விலக்கு இல்லை. பெண்ணுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால், அவள் பேரில் பதிவு செய்து, ஓட்டக் கற்றுக்கொடுத்து, சாவியை அவள் கையில் கொடுங்கள். அப்போது எந்த கார் என்று அவளே சொல்லுவாள்.

"எங்க தாத்தா பண்ணையாள். இன்னிக்கு என்கிட்ட காசு இருக்கு. அந்தத் தெருவுல பென்ஸ்ல போகணும்னு ஆசை. இது வெட்டிச் செலவா?"

இதைக் கேட்டவர் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர். நான் உடனே பதில் சொல்லவில்லை. பண்ணையாட்களை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது, கூலி இவ்வளவு என்று சொல்ல தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952ல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருக்கள் இங்கே இருந்தன. அந்தத் தெருவில் பேரன் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போவதன் விலையை எந்த சர்வேயரும் மதிப்பிட முடியாது. உம்பளச்சேரி மாட்டில் சொன்ன பேரும், ஃபார்ச்சூனரில் சொன்ன பார்க்கிறவர் கண்ணும் இங்கே ஒன்றுசேர்கின்றன. ஊர் படிக்கத் தெரிந்த மொழியில் ஒரு சேதி சொல்கிறார் அவர். அந்தச் சேதிக்குத்தான் அந்தச் சின்னம் வேண்டியிருக்கிறது, அதே வசதியுள்ள வேறு வண்டி போதாது.

அவரிடம் மூன்றே கேள்வி கேட்டேன். கடன் இல்லாமல் வாங்க முடியுமா? பிள்ளைகள் படிப்புக்குப் பணம் தனியாக இருக்கிறதா? பழுதானால் திருச்சிக்கோ சென்னைக்கோ ஏற்றி அனுப்பும் செலவு தெரியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றார். வாங்குங்கள் என்றேன்.

"டெஸ்ட் டிரைவ் போகும்போது எதைப் பாக்கணும்?"

ஷோரூம்காரர் கூட்டிப் போகும் நல்ல சாலையில் எல்லா காரும் நன்றாகத்தான் போகும். உங்கள் ஊருக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள், இந்த விலைக்குக் கொண்டுவருவார்கள். வாய்க்கால் கரைச் சாலையில் எதிரே டிராக்டர் வரும்போது எவ்வளவு ஒதுங்க முடிகிறது, உங்கள் வீட்டுக் கேட்டில் திரும்புகிறதா, மதகில் அடி உரசுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வீட்டில் வயதில் மூத்தவரைப் பின் சீட்டில் ஏற்றுங்கள். புடவையோடு, யார் கையையும் பிடிக்காமல், தலை இடிக்காமல் ஏறி உட்கார்ந்து, தானே கதவைச் சாத்த முடிகிறதா என்று நின்று பாருங்கள்.